ரீடிங் ரூம்ல எவ்ளோ சத்தம் இருக்கலாம்? முடிவுக்கு வர முடியல, உதவுங்க மக்களே

மூணாம்மாடி எழுதியது:

மக்களே ஒரு சிக்கல். எங்க காலேஜ் லைப்ரரியில மூணாவது மாடிய முழுசா படிக்கிற இடமா மாத்தப் போறாங்க, ஸ்டூடண்ட்ஸ் சார்பா பேச என்னையும் இன்னும் மூணு பேரையும் கூப்ட்டிருந்தாங்க. ஒரு பெரிய ஹால், அதை ஒட்டி ரெண்டு சின்ன ரூம், மாடிப்படி பக்கம் கொஞ்சம் காலி இடம், அவ்ளோதான் இருக்கு. மேசை நாற்காலி லைட்டு எல்லாம் அஞ்சே நிமிஷத்துல முடிஞ்சுது. சத்தம்னு ஆரம்பிச்சதும் ஒன்றரை மணி நேரம் சண்டை. ஒருத்தன் ஊசி விழுந்தா கேக்கணும்ங்கறான், ஒருத்தி அப்படி இருந்தா எனக்கு மூச்சு முட்டும்ங்கறா, மூணாவது ஆளு எல்லாரும் ஹெட்போன் போடுங்க மீட்டிங் முடிஞ்சுதுன்னு பைய எடுத்துட்டு கெளம்பிட்டான்.

எனக்கு என் விஷயமே புரியல. ஃபேன் ஓடற சத்தம் இல்லன்னா எனக்கு படிப்பு ஏறாது, குளிர் காலத்துல கூட ஃபேன சுவத்த பாத்து திருப்பி வச்சிட்டு போர்வைக்குள்ள உக்காந்து படிக்கிற ஆளு நான். ஆனா பக்கத்து ரூம்ல ரெண்டு பேர் மெதுவா பேசினா போதும், ஒரே வரிய நாலு தடவ படிப்பேன். ஃபேன் சத்தம் அதை விட பெருசுதானே? அப்புறம் ஏன் இப்படி? உங்களுக்கெல்லாம் எப்படின்னு சொல்லுங்க, அடுத்த மீட்டிங் வர்ற வெள்ளிக்கிழமை.

ஹெட்போன்வாசி:

பைய எடுத்துட்டு போனவன் கட்சிதான் நானு. அவனவன் காதுக்கு அவனவன் பொறுப்பு. ஸ்கூல்ல இருந்து பாட்டு போட்டுட்டுதான் படிக்கிறேன், ஒரே லிஸ்ட்டு, அந்த முதல் பாட்டு ஆரம்பிச்சா மண்டை தானா படிப்பு மோடுக்கு போயிடும். இதுக்கு ஒரு கமிட்டியா?

பேக்லாக்_4:

ஊசி விழுந்தா கேக்கற ரூம்ல ஊசி மட்டும்தான் கேக்கும் ப்ரோ, அதான் பிரச்சனையே. நான் அப்படி ஒரு ரூம்ல ஒரு செமஸ்டர் உக்காந்திருக்கேன். எனக்கு முன்னாடி ஒருத்தர் பேனாவ டிக் டிக்னு அமுக்கிட்டே இருப்பாரு, வெளிய இருந்தா காதுலயே விழாத சத்தம், உள்ள அது சுத்தியல் மாதிரி விழும். ஒருத்தருக்கு மூக்கு ஒழுகும், உறிஞ்சுவாரு, நான் அடுத்த உறிஞ்சலுக்கு காத்துட்டு இருப்பேன், அது வர்ற வரைக்கும் படிக்க முடியாது வந்த பின்னாடியும் முடியாது. என் வயிறு ஒரு தடவ சத்தம் போட்டுச்சு, மொத்த ரூமும் திரும்பிப் பாத்துச்சு, அன்னைலேர்ந்து அந்தப் பக்கமே போறதில்ல.

காதுகருவி:

ஆடியாலஜி, அதாவது காது கேக்கறத பத்தின படிப்பு, ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், என் பாடத்துலயே வர்ற விஷயம், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

மூணாம்மாடி கேட்டதுதான் சரியான கேள்வி. சத்தம் பெருசா சின்னதாங்கறது ரெண்டாம்பட்சம், அது மாறிக்கிட்டே இருக்கா ஒரே மாதிரி ஓடுதாங்கறதுதான் முதல் விஷயம். 1976ல கோல், வெல்ஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், எழுத்துக்கள வரிசையா ஞாபகம் வச்சு சொல்ல சொல்லிட்டு பின்னாடி ஜெர்மன்ல யாரோ படிக்கிறத ஓட விட்டாங்க. கேட்டவங்களுக்கு அந்த பாஷை தெரியாது, கவனிக்கத் தேவையே இல்லன்னும் சொல்லியாச்சு, அப்பவும் தப்பு கூடிச்சு. 1982ல சலாமேவும் பேட்லியும் இதையே இன்னும் நோண்டிப் பாத்தாங்க, பேச்சு கெடுத்த அளவுக்கு வெறும் இரைச்சல் கெடுக்கல. பேச்ச கொஞ்சம் சத்தம் குறைச்சு வச்சாலும் பெருசா லாபம் இல்லங்கறது அப்புறம் வந்த சோதனைகள்ல திரும்பத் திரும்ப தெரிஞ்சுது. அதான் பக்கத்து ரூம்ல "மெதுவா" பேசறதும் உன்னை அடிக்குது.

டைலன் ஜோன்ஸ்ங்கறவர் குழு இன்னும் ஒண்ணு காட்டுச்சு. "ட ட ட ட"ன்னு ஒரே எழுத்து திரும்பத் திரும்ப காதுல விழுந்தா பெருசா பாதிப்பு இல்ல, "க ச ட த ப ற"ன்னு மாறிக்கிட்டே விழுந்தா ஞாபகத்துல இருக்கற வரிசை குலையுது. ஏன்னா மாறுற சத்தத்த மூளை தன்னால வரிசைப்படுத்துது, நீ படிக்கிறதையும் அதே மூளைதான் வரிசைப்படுத்தணும், ரெண்டும் ஒரே கதவுல முட்டிக்குது. ஃபேன்கிட்ட புதுசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, அதனால அதை யாரும் வரிசைப்படுத்தறதில்ல. போதாததுக்கு அது மத்த சின்னச் சின்ன சத்தத்த மூடியும் விடுது, பேக்லாக் சொன்ன பேனா டிக் டிக் உட்பட.

ஹெட்போன்வாசி:

சரி சார், ஆனா அதெல்லாம் யாரோ தெரியாதவன் பேச்சு. எனக்குப் புடிச்ச பாட்டு, நூறு தடவ கேட்ட பாட்டு. அது எப்படி கெடுக்கும்?

காதுகருவி:

சார்லாம் வேணாம், உங்க வயசுதான் இருக்கும் எனக்கும். இதையும் பாத்திருக்காங்க. 2011ல பெர்ஹம், விசார்ட்னு ரெண்டு பேர், புடிச்ச பாட்டு, புடிக்காத பாட்டு, அமைதி, இன்னும் ரெண்டு விதமான பேச்சுன்னு வச்சு சோதிச்சாங்க. புடிச்ச பாட்டும் புடிக்காத பாட்டும் வரிசை ஞாபகத்த ஏறக்குறைய ஒரே அளவு கெடுத்துச்சு. 2014ல பெர்ஹம் இன்னொருத்தரோட சேர்ந்து பத்தி படிச்சு புரிஞ்சுக்கறதுல பாத்தாரு, அங்கயும் வரிகள் இருக்கற பாட்டுதான் வில்லன், புடிச்சிருந்தாலும் சரி புடிக்கலன்னாலும் சரி.

ஹெட்போன்வாசி:

நம்பிக்கை இல்ல. எனக்கு மார்க்கு நல்லாத்தான் வருது.

நடுராத்திரி_நிரலர்:

ரெண்டு பேரும் வேற வேற வேலைய பத்தி பேசறீங்கன்னு தோணுது. நானும் பாட்டு ஆளுதான், ஆனா கவனிச்சுப் பாத்தா தெரிஞ்ச டைப் கணக்கு போடறப்ப, கோடு எழுதறப்ப, நோட்ஸ் சுத்தமா எடுத்து எழுதறப்பதான் பாட்டு ஓடும். புது சாப்டர் ஒண்ணு, அதுலயும் ஒண்ணுமே புரியாத சாப்டர்னா என் கை தானா போய் பாட்ட நிறுத்திடும், நான் முடிவு பண்ணி நிறுத்தறதில்ல. வண்டி ஓட்டிட்டு வழி தெரியாத தெருவுல நுழைஞ்சா ரேடியோ சத்தத்த குறைக்கிறோமே அது மாதிரி. ஹெட்போன்வாசி, நீங்க பாட்டோட எதை படிக்கிறீங்கன்னு ஒரு வாரம் எழுதி வச்சு பாருங்களேன்.

ஹெட்போன்வாசி:

...இதுல கொஞ்சம் உண்மை இருக்கு. மனப்பாடம் பண்ணும்போது ஹெட்போன் மாட்டியிருப்பேன் ஆனா பாட்டு நின்னிருக்கும். இப்ப யோசிச்சாதான் தெரியுது.

கடைசிபெஞ்ச்காரி:

நான் ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போற ஆளு, இதுல எழுதணும்னு தோணுச்சு. எனக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் ஒரு எடத்துல நிக்காத பிரச்சனை, இருக்குன்னு காலேஜ் வந்த அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி எல்லாம் அமைதியான ரூம்ல உக்கார வச்சா பாடம் ஏறும்னு வீட்லயும் ஸ்கூல்லயும் அமைதியான ரூம்லதான் உக்கார வச்சாங்க, நல்ல எண்ணத்துலதான். எனக்கு அது தண்டனை. வெளிய சத்தம் இல்லன்னா என் மண்டைக்குள்ள இருக்கற சத்தம் ஏறிடும், கால் ஆடும், நகம் கடிப்பேன், ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம். மழை மாதிரி ஒரு இரைச்சல காதுல போட்டா அந்தக் கால் நிக்குது. என்னமோ எனக்குத்தான் கோளாறுன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு ஆராய்ச்சி பத்தி படிச்சேன், ஸ்வீடன்ல சோடர்லண்ட்னு ஒருத்தர் குழு 2007ல பண்ணது, ஏடிஎச்டி இருக்கற பிள்ளைங்களுக்கு வொயிட் நாய்ஸ்ங்கற ஒரே சீரான இரைச்சல் ஓடினப்ப ஞாபகம் நல்லா வந்துச்சு, அதே நாய்ஸ் மத்த பிள்ளைங்களுக்கு கெடுத்துச்சு. ஒரே ரூம், ஒரே சத்தம், ரெண்டு பக்கமும் தலைகீழ். அதனால "எல்லாருக்கும் நல்லது"ன்னு ஒரு ரூல் போடறவங்கள பாத்தா எனக்கு கொஞ்சம் கோவம் வரும், மன்னிச்சுக்கோங்க.

மூணாம்மாடி:

மன்னிக்க என்ன இருக்கு, நீங்க எழுதினது எனக்கு ரொம்ப உதவி. அந்த மழை மாதிரி சத்தம் எது, வொயிட்டா ப்ரவுனா? ஏதேதோ கலர் சொல்றாங்க.

கடைசிபெஞ்ச்காரி:

ப்ரவுன். வொயிட் எனக்கு ஸ்ஸ்ஸ்னு பல்ல கூசுது.

காதுகருவி:

வொயிட்ல எல்லா அதிர்வெண்ணும் சம பலத்துல இருக்கும், அதான் கூர்மையா கேக்குது. பிங்க்ல மேல போகப் போக ஒவ்வொரு ஆக்டேவுக்கும், அதாவது அதிர்வெண் ரெண்டு மடங்காகற ஒவ்வொரு தடவையும், 3 டெசிபல் (சத்தத்த அளக்கற அலகு) குறையும், ப்ரவுன்ல 6, அதனால அருவி மாதிரி கனமா கேக்கும். இன்னொண்ணு, ப்ரவுன்ங்கறது நிறம் இல்ல, ப்ரவுனியன் அசைவுன்னு பாடத்துல வருமே, அந்த ராபர்ட் ப்ரவுன் பேரு. படிக்கிறதுக்கு இது சம்பந்தமே இல்ல, சும்மா சொன்னேன்.

வைவா_பயம்:

லைப்ரரின்னாலே எல்லாரும் வாய மூடிட்டு படிக்கிறவங்கள பத்தியே பேசறீங்க. என்னை மாதிரி வாய் விட்டு படிக்கிற ஜென்மங்க எங்க போறது? எனக்கு என் குரல் என் காதுல விழுந்தாதான் பதியும். ஹாஸ்டல்ல ரூம்மேட் தொரத்தினான், காரிடார்ல வார்டன் தொரத்தினாரு, இப்ப மொட்டை மாடில தண்ணி டேங்க் பக்கத்துல நடந்துகிட்டே படிக்கிறேன், பாக்கறவங்க தனியா பேசறான்னு நெனைக்கிறாங்க. இது கெட்ட பழக்கம்னு யாரும் சொல்லாதீங்க, வாய் விட்டு படிச்ச வார்த்தைங்க மௌனமா படிச்சத விட ஞாபகத்துல நல்லா நிக்குதுன்னு 2010ல மெக்லியோட்ங்கற ஆராய்ச்சியாளர் குழுவே காட்டிருக்கு. எங்களுக்கும் ஒரு ரூம் கொடுங்கப்பா.

பேக்லாக்_4:

அந்த ரூமுக்கு கதவு ரெண்டு வேணும் நண்பா.

லைப்ரரிஅக்கா:

பதினோரு வருஷமா லைப்ரரியில வேலை பாக்கறேன், மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாக்கறவ சொல்றேன் தம்பிங்களா. "சைலன்ஸ்"னு போர்டு மாட்டினா அமைதி வராது. காலைல பத்து பேர் இருக்கும்போது எல்லாரும் குசுகுசுன்னுதான் பேசுவாங்க. சாயங்காலம் எண்பது பேர் ஆனதும் அதே ஆளுங்க குரல் ஏறும், அவங்களுக்கே தெரியாது. சுத்தி சத்தம் இருந்தா நாம தானா குரலை ஏத்துவோம், இதை லொம்பார்ட்ங்கற ஃப்ரெஞ்சு டாக்டர் 1911லயே சொல்லிட்டாரு. ஒருத்தர் ஏத்த, பக்கத்துல ஏத்த, கடைசில நான் போய் மேசைய தட்டணும், தட்டினா பத்து நிமிஷம் தாங்கும்.

என் அனுபவத்துல படிக்கிறவங்களுக்கு ஆகாத சத்தத்துல முதல் எடம் ஒருத்தர் ஃபோன் பேசறது. பக்கத்துல ரெண்டு பேர் நேரா பேசினா கூட பொறுத்துக்கறாங்க, ஒத்தை ஆள் ஃபோன்ல "ம்ம்... அப்படியா... எப்ப?"ன்னு கேட்டா நாலு தலை திரும்புது, புகாரும் அதுக்குத்தான் அதிகம் வருது. பாதி பேச்சு மட்டும் காதுல விழுந்தா மீதிய நம்ம மூளை நிரப்பப் பாக்குது, 2010ல எம்பர்சன்ங்கறவங்க குழு இதையே சோதிச்சு முழு பேச்ச விட பாதி பேச்சுதான் கவனத்த கெடுக்குதுன்னு காட்டினாங்க. அதனால ரூல் ஒண்ணே ஒண்ணு போடறதா இருந்தா ஃபோன் பேச்ச ஹாலுக்கு வெளிய தள்ளுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

ரெண்டாவது, கூட்டத்த பாத்து பயப்படாதீங்க. ஒரு குரல் கேட்டா தொந்தரவு, இருபது குரல் கலந்தா அது இரைச்சல், யாரு என்ன சொல்றாங்கன்னு பிரிக்க முடியாது. நாற்காலி காலுக்கு ரப்பர் போடுங்க, கதவு அடிச்சுக்காம ஒரு அமுக்கி மாட்டுங்க. இந்த ரெண்டுக்கும் ஆகற செலவு கம்மி, பலன் போர்டை விட நூறு மடங்கு.

மூணாம்மாடி:

அக்கா இது தங்கம். நாற்காலி கால் பத்தி நாங்க அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டோம்னு பெருமையா வேற எழுதியிருக்கேன் மேல.

ஸ்டார்ட்அப்_சிந்தனை:

காஃபி ஷாப் சத்தம் படிப்புக்கு நல்லதுன்னு ப்ரூவ் ஆயிருக்கே, 70 டெசிபல். ஹால்ல ஸ்பீக்கர் வச்சு அதையே ஓட விட்டா எல்லாரும் ஜீனியஸ். ஏன் இவ்ளோ யோசிக்கிறீங்க.

காதுகருவி:

பாதி கேட்டு பாதி விட்ட கதை இது. 2012ல மேத்தா, ஜூ, சீமா பண்ண ஆய்வு. 50 டெசிபலை விட 70ல ஆளுங்களுக்கு புதுப்புது யோசனை நல்லா வந்துச்சு, 85ல மறுபடி விழுந்துச்சு. அவங்க அளந்தது யோசனை வர்றத, நாளைக்கு பரீட்சைக்கு மனப்பாடம் பண்றத இல்ல. டெசிபல் கணக்கு வேற கொஞ்சம் ஏமாத்தும், 10 கூடினா சத்தத்தோட சக்தி பத்து மடங்கு, காதுக்கு சுமார் ரெண்டு மடங்கா கேக்கும். ப்ராஜெக்டுக்கு ஐடியா யோசிக்கிற மேசைக்கு வேணா அது பொருந்தலாம், மொத்த ஹாலுக்கும் ஸ்பீக்கர்னா கடைசிபெஞ்ச்காரி மாதிரி சிலர் தப்பிப்பாங்க, பாக்கி பேரு அடுத்த நாள் கமிட்டிய அடிக்க வருவாங்க.

இதோட சேத்து மொசார்ட்ங்கற மேற்கத்திய இசையமைப்பாளரோட இசைய கேட்டா அறிவு கூடும்ங்கறதையும் யாராவது கொண்டு வர்றதுக்குள்ள நானே சொல்லிடறேன். 1993ல 36 காலேஜ் பசங்கள வச்சு பண்ணது, பலன் 10, 15 நிமிஷம்தான் நின்னுச்சு, அதுவும் ஒரு வகை வடிவப் புதிர்ல மட்டும். அதுவும் பாட்டு கேட்டு முடிச்ச பின்னாடி வச்ச டெஸ்ட்டு, கேட்டுகிட்டே எழுதினது இல்ல. மனசு கொஞ்சம் உற்சாகமானா எதுக்கும் வர்ற பலன்தான்னு 2001ல வேற ஒரு குழு காட்டிடுச்சு.

மழைக்கு_ஒதுங்கியவன்:

தனிமை புடிச்ச இன்ட்ரோவெர்ட்டுக்கு அமைதி ரூம், கலகலன்னு பழகற எக்ஸ்ட்ரோவெர்ட்டுக்கு சத்த ரூம்னு பிரிச்சா முடிஞ்சுதே, 1997லயே ஃபர்ன்ஹாமும் பிராட்லியும் காட்டிருக்காங்க பாட்டு ஓடினா இன்ட்ரோவெர்ட்டுங்கதான் ரொம்ப அடி வாங்கறாங்கன்னு.

நடுராத்திரி_நிரலர்:

அது மொத்தமே 20 பேர வச்சு பண்ணது. வாசல்ல நிக்க வச்சு "நீ எந்த வெர்ட்டு"ன்னு கேட்டு டோக்கன் குடுக்கப் போறீங்களா. நான் ஆளுங்க கூட நல்லா பழகற டைப்பு, ஆனா பேச்சு சத்தம் ஆகவே ஆகாது.

காதுகருவி:

குணத்த விட எனக்கு நம்பகமா தோணறது இன்னொண்ணு. ஒரு காதுல வர்ற பேச்ச மட்டும் கவனிங்கன்னு சொல்லிட்டு, கவனிக்க வேணாம்னு சொன்ன காதுல அவங்க பேரையே நுழைப்பாங்க. 2001ல கான்வே, கோவன், பண்டிங் இதை பண்ணப்போ மனசுல ஒரே நேரத்துல நெறைய விஷயத்த பிடிச்சு வைக்க முடியறவங்கள்ல 20 சதவீதம் பேர்தான் தன் பேர கவனிச்சாங்க, அது கம்மியா இருக்கறவங்கள்ல 65 சதவீதம். அதாவது ஒருத்தனுக்கு வேண்டாத சத்தம் உள்ளயே வராது, இன்னொருத்தனுக்கு எல்லாமே வாசல் தாண்டி வந்துடும். "நீ ஏன் கண்டுக்கற, விடேன்"னு சொல்றவனுக்கு அது நிஜமாவே காதுல விழல, அதான் சொல்றான். இதுல அவன் திமிரும் இல்ல, மத்தவன் நச்சரிப்பும் இல்ல.

மூணாம்மாடி:

இந்தக் கடைசி விஷயத்த என் ரூம்மேட்கிட்ட படிச்சு காமிச்சேன், ரெண்டு வருஷ சண்டை ஒரு சிரிப்புல முடிஞ்சுது.

நேத்து ராத்திரி ஒரு கூத்து பண்ணோம். அவன் எட்டு நம்பர் ஒரு வரிசையா ஒவ்வொண்ணா காட்டுவான், நான் பாத்துட்டு எழுதணும். ஃபேன் மட்டும் ஓட 20 வரிசை, ஃபேனையும் அணைச்சுட்டு 20, எனக்குப் புடிச்ச பாட்டோட 20. ஃபேன்ல 14 சரி, அமைதில 13, பாட்டுல 9. எனக்கு பாட்டோட பண்ணப்பதான் நல்லா பண்ணேன்னு தோணுச்சுங்கறதுதான் கொடுமை. ஒரு ஆள் ஒரு ராத்திரி பண்ணது, இதை வச்சு யாரும் சண்டைக்கு வராதீங்க. ஆனா மீட்டிங்ல "எது புடிக்கும்"னு ஓட்டெடுப்பு வச்சோம்ல, அது பாதி கேள்விதான்னு இப்ப புரியுது.

நைட்_லாம்ப்:

பரீட்சை ஹால்ல அமைதியாத்தான் இருக்கும், அப்ப அமைதில படிச்சு பழகறதும் நல்லதுதானே? 1998ல கிராண்ட்னு ஒருத்தர் குழு, கேண்டீன் இரைச்சல்ல படிச்சவங்க இரைச்சல்ல எழுதினா நல்லா எழுதினாங்க, அமைதில படிச்சவங்க அமைதில நல்லா எழுதினாங்கன்னு காட்டினாங்க. நான் கடைசி பத்து நாள் மட்டும் எல்லாத்தையும் அணைச்சுட்டு படிப்பேன், முதல் ரெண்டு நாள் கஷ்டம், அப்புறம் பழகிடும்.

கடைசிபெஞ்ச்காரி:

எனக்கு பழகல. ஆனா யோசனை நல்லா இருக்கு, சிலருக்கு பழகும்.

காதுகருவி:

ஹெட்போன் கட்சிக்கு ஒரு வார்த்தை. வெளிய இருக்கற சத்தத்த மூட வால்யூம ஏத்தாதீங்க. 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பத்திரம்ங்கறது உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். வெளி சத்தத்த அடக்கற நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கினா பேச்சு சுத்தமா போயிடும்னும் எதிர்பாக்காதீங்க, ஏசி, பஸ் இன்ஜின் மாதிரி கனமா ஒரே சீரா ஓடற சத்தத்தத்தான் அது நல்லா முழுங்கும், பக்கத்து மேசை குசுகுசு மீதி வந்துகிட்டேதான் இருக்கும்.

மூணாம்மாடி:

வெள்ளிக்கிழமை மீட்டிங் முடிஞ்சுது, என்ன ஆச்சுன்னு பலர் கேட்டீங்க. நாங்க சொன்னது இது. பெரிய ஹால்ல பேச்சு கிடையாது, ஆனா ஏசி, ஃபேன் சத்தம் இருந்தா இருக்கட்டும், அதை ரிப்பேர் பண்ணி குறைக்க வேணாம். ஒரு சின்ன ரூம் வைவா_பயம் மாதிரி ஆளுங்களுக்கும் குரூப்பா படிக்கிறவங்களுக்கும், கதவோட. இன்னொரு சின்ன ரூம் முழு அமைதி, அதுல பன்னெண்டு சீட்டு மட்டும், வேணும்னு கேக்கறவங்க வரட்டும். மாடிப்படி பக்கம் ஃபோனுக்கு. நாற்காலிக்கு ரப்பர், கதவுக்கு அமுக்கி, ரெண்டும் ஒத்துக்கிட்டாங்க. வாய் விட்டு படிக்கிற ரூமுக்குத்தான் பெரிய எதிர்ப்பு, "லைப்ரரியில சத்தமா படிக்கறதா"ன்னு ஒருத்தர் எழுந்தே நின்னுட்டாரு, கடைசில ஒரு செமஸ்டர் பாக்கலாம்னு விட்டாங்க.

வைவா_பயம்:

நண்பா கண்ணுல தண்ணி. டேங்க்குக்கு குட்பை.

பேக்லாக்_4:

எல்லாம் சரி, பிரிண்டர எங்க வைக்கறாங்க? அது ஒரு பக்கத்துக்கு மூணு விதமா கத்துமே.

மூணாம்மாடி:

அய்யோ.

லைப்ரரிஅக்கா:

எங்க வச்சிருக்காங்க தம்பி?

மூணாம்மாடி:

ஹால்ல அக்கா. நடு ஹால்ல. பிளக் பாயிண்ட்டே அங்கதான் போட்டிருக்காங்க.